மந்தையில் விட்ட வார்த்தை

பெசமினோ கிழவருக்கு வாய்தான் எல்லாம். அவருடைய கொக்கோத் தோட்டம் பாதி காடாகிவிட்டது. பன்றிப்பட்டியின் வேலி எப்போதும் சாய்ந்தே கிடக்கும். கூரைத் தகரத்தில் மழைக்கு மழை புது ஓட்டை விழும். இதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஊர் நடுவிலுள்ள மந்தைவெளியில் கோலை ஊன்றி, தேங்காய் நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றுவிட்டால், சாலையில் போகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அதிலிருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெருந்தலைவர் பொது இடத்தில் வாயைத் திறக்க மாட்டார். அது அவருடைய கௌரவம். அவருக்காகப் பேசுவதற்கென்றே பேச்சுக்காரக் குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றில் மூத்த பட்டம் பெசமினோவுடையது.

பேச்சுக்காரர் என்றால் நன்றாகப் பேசுகிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நன்றாகப் பேசுகிறவர்கள் சந்தையில் மீன் விற்கிறார்கள். எந்த ஊர் விருந்து வந்தாலும் அந்த ஊர் வீடுகளை எந்த வரிசையில், எந்தப் பட்ட மொழியால், அதாவது எந்த மரியாதைச் சொற்களால், அழைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது இந்த வேலையில் பாதிதான். எந்த வீட்டில் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது மறுபாதி. எந்தப் பாட்டன் எந்தச் சண்டையில் முதுகு காட்டினான், எந்தப் பட்டம் யாரிடமிருந்து பிடுங்கியது என்பதையெல்லாம் தகப்பன் மகன் காதில் ஒரே ஒரு தடவை சொல்லுவான். சொல்லும்போதே, இது உன் வாயிலிருந்து வரவே கூடாது என்றும் சொல்லி வைப்பான். சவாயித் தீவில் பாதி வீடுகளின் மானம் பெசமினோவின் தலைக்குள் பத்திரமாக இருந்தது.

அந்தத் தலைக்குத்தான் சர்க்கரை வியாதி வந்து தொலைத்தது.

எங்கள் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு கிடையாது. ஏறினால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கால் போகும், கண் போகும், சிறுநீரகம் போகும், எல்லாம் மெல்ல மெல்ல. இறங்கினால் என்ன ஆகும் என்பதை யாரும் பேசுவதில்லை. சர்க்கரை இறங்குவது நல்ல சேதிதானே என்று நினைக்கிற ஊர் இது.

மூத்த மகள் வையோலாவுக்கும் முதலில் அப்படித்தான் நினைப்பு. ஆக்லாந்தில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மா எலேனோவா செத்தபிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்டாள். காலை இன்சுலின் ஊசி அவள் கையால்தான். ஒருநாள் மதியம் கிழவர் பன்றிப்பட்டியின் முன்னால் நின்று, பாதிரியாரின் பெயரைச் சொல்லி ஒரு பன்றிக்கு வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். பட்ட மொழி ஒன்றுகூடப் பிசகவில்லை. வையோலா வயிறு வலிக்கச் சிரித்தாள். பக்கத்தில் போனபிறகுதான் அவர் மார்பெல்லாம் எண்ணெய் தேய்த்தது போல வேர்த்திருப்பதையும், அவர் கண்கள் தன்னை அடையாளம் காணவில்லை என்பதையும் பார்த்தாள். டின் பாலை வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தவர், மீசையைத் தடவிப் பார்த்து, "என் மூஞ்சியில எதுக்குடி பாலை அப்பி வச்சிருக்கே?" என்று எரிந்து விழுந்தார். பன்றியோ வரவேற்புரையோ எதுவும் அவர் நினைவில் இல்லை.

இரண்டாவது தடவை சாப்பாட்டுத் தட்டை அவள்மேல் எறிந்தார். எவள் நீ, என் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். அப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வட்டார ஆஸ்பத்திரி நர்ஸ் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். சின்ன வயதில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், ஆள் சுதாரித்துக்கொள்ளலாம். வயதாகி, வியாதியும் பழையதாகிவிட்டால் அந்த அறிகுறியெல்லாம் அவருக்கே தெரியாமல் போய்விடும். நேரே மூளையில் கை வைக்கும். இந்த வயதில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் குடிமுழுகிப் போகாது. நீ ஒரு நடை ஆளைக் கூட்டிக்கொண்டு வா, டாக்டர் ஊசி அளவைக் குறைத்துத் தருவார் என்றாள்.

கிழவர் மசியவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சு பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தால் ஏன், எதற்கு என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்றார்.

"கிழவனுக்குப் புத்தி கலங்கிடுச்சும்பாங்க. மறுநாளே லஃபயேலே கையில கோலைக் குடுத்துருவாங்க. அதுக்கு என்னைக் குழியில இறக்கிடு."

லஃபயேலே அவருடைய தம்பி மகன். கெட்டவன் இல்லை. குரலும் நன்றாக இருக்கும். அதுதான் கிழவருக்கு உறுத்தல். வீட்டு வாசலிலிருக்கும் எலேனோவாவின் கல்லறைமேல் வையோலாவைக் கை வைக்கச் சொல்லி, ஊரில் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் செய்து கொடுத்தாள். அந்த இடத்தில் அவள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

புதுக் கோயில் திறப்பு வந்தது. உபோலுத் தீவிலிருந்து பெரிய விருந்து. ஒரு காலத்தில் எங்கள் ஊரோடு வெட்டு குத்தில் இருந்து, பிறகு பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சமாதானமான ஊர். இந்த வரவேற்பைப் பேசிவிட்டால் போதும், பிறகு கோலை யார் கையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று கிழவரே ஒருநாள் மனமிறங்கிச் சொன்னார். மாதக்கணக்காக அந்த உரை அவர் வாயில் உருண்டுகொண்டிருந்தது. குளிக்கும்போது பேசினார், கொக்கோ வறுக்கும்போது பேசினார். அவளும் கேட்டுக் கேட்டு, எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் வேகவைத்த டாரோக் கிழங்கும் டின் மீனும் வைத்தாள். கொக்கோ ஆற்றி வைத்தாள். அவர் கிழங்கைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைப் போட்டாள். அந்த நேரம் பார்த்துத் தலைவர்களைக் கூப்பிடும் சங்கு ஊதியது. அவள் ஊசியைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் கிழவர் இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு கோலும் கையுமாகப் போயேபோய்விட்டார். டாரோவில் ஒரு கடிதான் குறைந்திருந்தது. கொக்கோவில் ஏடு படிந்து கிடந்தது.

பதறியடித்துக்கொண்டு ஓடினாள். சுவரில்லாத சபை வீட்டில், பட்டத்துக்கு ஒன்றாக ஒதுக்கிய அவரவர் தூணில் தலைவர்கள் சாய்ந்து உட்கார்ந்தாயிற்று. பின்பக்கமாகப் போய், தூண்களுக்கு நடுவே கையை நீட்டி, நாலைந்து மிட்டாயை அப்பாவின் கையில் திணித்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவற்றை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். சபையில் உட்கார்ந்து வாயை அசைபோடுகிற ஆளை எங்கள் ஊரில் மாடு என்பார்கள். விருந்தாளிகள் வந்து, வரவேற்புரை முடிந்து, ஆவா வேர்ச்சாற்றுக் கிண்ணம் சுற்றி வந்தபிறகுதான் யாருக்கும் சாப்பாடு. அதுவும் முதலில் விருந்தாளிகளுக்கு.

கப்பல் தாமதம். எங்கள் கப்பல் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? வெயில் ஏறியது. பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள். வையோலா வீட்டுக்கு ஓடி ஒரு பாட்டிலில் ஆரஞ்சுச் சர்பத்தை இனிக்க இனிக்கக் கலந்து எடுத்துவந்து பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பாவின் அக்கா சியாவுத்து அத்தை. ஊரே அடங்கிப் போகிற பெண்மணி.

ஒருவழியாக விருந்தாளிகள் வந்து மந்தையின் எதிர்ப்பக்கம் வரிசையாக உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கப் பேச்சுக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று, இன்று யார் பேசுவது என்று தங்களுக்குள் வழக்காட ஆரம்பித்தார்கள். அது சும்மா ஒப்புக்கு நடப்பதில்லை. ஒவ்வொருவனும் தன் உரிமையைச் சொல்லி மற்றவனைப் பணிவாகவே கீழே உட்கார வைக்கப் பார்ப்பான். கடைசியில் பெசமினோவும் லஃபயேலேயும் மிஞ்சினார்கள். பழைய கோயிலுக்கு வரவேற்புச் சொன்னவர் என் தகப்பன், புதுக் கோயில் இன்னொன்று திறக்கும்போது நான் இருக்கமாட்டேன், உனக்கு இன்னும் எத்தனையோ கோயில் இருக்கிறது என்றார் கிழவர். லஃபயேலே கண்கலங்கித் தலைகுனிந்து, "பேசுங்க பெரியப்பா" என்று உட்கார்ந்தான்.

கிழவர் தனியாக நின்றார். கோலை ஊன்றினார். முதல் வீட்டை அழைத்தபோது எதிர்வரிசையில் கிழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் குரல் இப்படித்தான் ஆளை நிமிர்த்தும். இரண்டாவது வீட்டை அழைத்தார். அப்போதுதான் வையோலா பார்த்தாள். வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கிறது. இது அந்த வேர்வை இல்லை. மேலுதட்டில் முத்து முத்தாக நின்றது, மார்பு எண்ணெய் பூசியது போல மின்னியது. சாமரம் வலது தோளிலிருந்து இடது தோளுக்குப் போயிற்று, திரும்ப வலது தோளுக்கு வந்தது. உடனே இடதுக்குப் போனது. பிறகு அவர் மறுபடியும் முதல் வீட்டை அழைத்தார்.

அவள் பாட்டிலோடு பாதி எழுந்தாள்.

"எங்கடி எழுந்து போறே?" என்றாள் அத்தை.

"அப்பாவுக்கு..."

"உன் அப்பன் பேசிட்டிருக்கான். குறுக்க போனேன்னா அந்தக் கோலாலயே உன் மண்டையைப் பொளப்பான். உக்காரு."

பேச்சுக்காரர் நின்றிருக்கும்போது மந்தையைக் குறுக்கே நாய்கூடத் தாண்டாது. தாண்டினால் கல்லெறி. ஒரு பெண், அதுவும் சொந்த மகள், சர்பத் பாட்டிலோடு போய் அப்பாவின் வாயில் வைப்பதா? இரண்டு ஊருக்கு முன்னால்? கல்லறைமேல் கை வைத்துச் செய்த சத்தியம் வேறு. ஒருவேளை தாக்குப் பிடித்துவிடுவார், இன்னும் கொஞ்சம்தானே என்று நினைத்தாள். உட்கார்ந்தாள்.

மூன்றாவது, விருந்து வந்த பெருந்தலைவரின் வீடு. அதன் பட்ட மொழியை அழகாகவே ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திச் சிரித்தார். சிரித்தபடியே, அதே தேன்குரலில், அந்த வீட்டுப் பூட்டன் தோற்ற சண்டையில் சீமைப்பலாவைப் புளிக்கப் புதைத்து வைக்கும் குழிக்குள் ஒளிந்துகொண்ட கதையை எடுத்துவிட்டார். எதிரிகள் அவனை எப்படிக் கண்டுபிடித்தார்கள், நாற்றம் குழியுடையதா அவனுடையதா என்று அவர்கள் எப்படிக் கேட்டுக்கொண்டார்கள் என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கதை இருப்பதே அன்றுதான் தெரியும். எதிர்வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசை முழுவதும் எழுந்து நின்றது.

கிழவர் கோலைக் கீழே போட்டார். மந்தையின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "எலேனோவா, கொக்கோ கொண்டாடி, தொண்டை காயுது" என்று செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டார்.

யாரோ சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். பெரிசு காலையிலேயே ஊத்திக்கிச்சு என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் ஊர்க்காரன், ஊரை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வையோலா அப்போது ஓடினாள். எழுந்தபோதே போயிருக்க வேண்டியவள், எல்லாம் முடிந்தபிறகு போனாள். அவர் தலையை மடியில் இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வாயில் சர்பத்தை ஊற்றினாள். பாதி அவள் பாவாடையில் வழிந்தது. அவள் விரலைக் கடித்துவிட்டார். அவள் விடவில்லை. அவர்கள் மந்தையின் நடுவில் அப்படிப் புரண்டுகொண்டிருக்க, ஊர் தன் வேலையைப் பார்த்தது. வீட்டுப் பெட்டியிலிருந்து மிக உயர்ந்த சடங்குப் பாயை எடுத்துவரச் செய்து, லஃபயேலே அதைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, விருந்தாளிகள் முன் மண்ணில் தலைகுனிந்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தவனை அவர்கள் வெட்டலாம், அல்லது பாயை விலக்கி மன்னிக்கலாம். அதுதான் வழக்கம்.

சர்பத் வேலை செய்தது. கிழவரின் கண்ணில் ஆள் திரும்பி வந்தார். மகளின் கையைத் தட்டிவிட்டு எழுந்தார், கோலை எடுத்தார், தொண்டையைச் செருமினார். மூன்றாவது வீட்டின் பட்ட மொழியை முதலிலிருந்து தொடங்கினார். ஒரு பிசகில்லை. மந்தை முழுக்க அந்தக் குரல் கணீரென்று போயிற்று. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகுதான் எதிரே பாயின் அடியில் குனிந்திருப்பவனைப் பார்த்தார்.

"லஃபயேலே ஏன் பாய்க்கு அடியில உக்காந்திருக்கான்?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார். "எவன் என்ன தப்புப் பண்ணினான்?"

சியாவுத்து அத்தை வந்து, தம்பியின் கையிலிருந்து கோலைக் குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டார்.

விருந்தாளிகள் பாயை விலக்கினார்கள். கோயில் திறந்தது. எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஊர் அவருக்குத் தண்டம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருப்பார். வையோலா சத்தியத்தையெல்லாம் காற்றில் விட்டு, அது சர்க்கரை இறங்கியதால் வந்தது, புத்தி கலங்கலும் இல்லை குடியும் இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் ஆமாம் ஆமாம், சர்க்கரை, பாவம் என்றார்கள். அவர் தூண் அவருக்கே இருந்தது. பங்கு இறைச்சி முதலில் அவர் வீட்டுக்கு வந்தது. பேசச் சொல்லி மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் சபையில் வாயைத் திறந்தால் எல்லோரும் மரியாதையாகப் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள், அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். கொஞ்ச நாளில் அவர் சபைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஊசியையும் நிறுத்தினார். அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் வீட்டுக்கே வந்து சொன்னாள். அந்த ஊசி என் வாயைத் திருடிவிட்டது, இனி என் உடம்பில் ஏறாது என்றார். கொக்கோவில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்தார். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது, ஆள் தெளிவாகவே இருந்தார். தெளிவாக உட்கார்ந்து தன் கால்விரல் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைநகர் அப்பியாவின் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மற்றக் காலிலும் புண் வந்தது.

அவருக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. நான் என்ன சொன்னேன்? மந்தையில் என் வாயிலிருந்து என்ன வந்தது? வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். யாரும் சொல்லவில்லை. அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் சொன்னவனும் அந்த வீட்டை அவமதித்தவன் ஆவான். பாய் விலக்கி மன்னித்ததைத் தோண்டக் கூடாது. லஃபயேலே அழுதுவிட்டு எழுந்துபோனான். கிழவர் வீட்டுத் தூணில் சாய்ந்து, வெறும் மந்தையைப் பார்த்தபடி, அன்றைய உரையை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். முதல் வீடு, இரண்டாவது வீடு. அதோடு நின்றுவிடும். வாழ்நாளெல்லாம் பேசியவருக்குத் தன் கடைசிப் பேச்சு தெரியாது.

ஒரு மழை மதியம், வையோலா புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பாள். கெஞ்சிக் கேட்டார். அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. குழிக் கதையை அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டாள்.

அவருடைய தகப்பன் சாகக் கிடந்தபோது காதில் சொன்ன கதை அது.

"அதுக்கு முன்னால எனக்கு வேர்த்துதா?" என்றார்.

"வேர்த்துது."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

வையோலா கட்டுத்துணியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ரெண்டாவது வீட்டைக் கூப்பிடறப்பவே பாத்துட்டேம்ப்பா. பாட்டில் கையிலதான் இருந்துச்சு. எழுந்தேன். குறுக்க வந்தா நீங்க கோலால அடிச்சிருப்பீங்க."

"அடிச்சிருப்பேன்," என்றார். கண் மங்கிப்போயிருந்ததால் அவள் முகம் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தார். கன்னத்தில் கை பட்டதும் அங்கேயே வைத்துக்கொண்டார்.

"அடிதானே, பிள்ளை. வாங்கியிருக்கலாமே."